மாதிரி மோசடி மின்னஞ்சலும் அலுவலகச் சாளரமும்

எங்கள் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவர்களுக்கு இணையப் பாதுகாப்பு குறித்து 30 மணி நேர மதிப்புக்கூட்டுப் பாடம் ஒன்றை இந்தப் பருவத்தில் நடத்தி முடித்தேன். நீளமான கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை என்பது போன்ற பகுதிகள் சிக்கலின்றி முடிந்தன. உண்மையானது போல் தோன்றும் போலி மின்னஞ்சலை நாமே அனுப்பி, எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் என்று பார்க்கும் மாதிரி பிஷிங் பயிற்சிதான் என்னை அலைய வைத்தது. அதில் நான் செய்த பிழை இன்னும் உறுத்துகிறது. இதே பயிற்சியை நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல்வர் வாய்மொழியாக உடனே சம்மதித்தார். வாய்மொழிச் சம்மதத்தை நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம். கணினி வழியாக இன்னொருவர் போல் நடித்து ஏமாற்றுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நாம் செய்தது பாடத்துக்காகத்தான் என்று காட்ட, பின்னாளில் நம் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும். என் முதல் கடிதம், ‘மோசடி மின்னஞ்சல் அனுப்ப அனுமதி வேண்டுதல்’ என்ற பொருள் வரியைப் பார்த்த அளவிலேயே திருப்பப்பட்டது. இரண்டாவது கடிதத்தில் துறைத்தலைவரின் கையெழுத்து இல்லை என்றார்கள். அனுப்பப்போகும் மின்னஞ்சலின் நகல், இணைப்பைச் சொடுக்கியவர்களின் எண்ணிக்கை மட்டுமே பதிவாகும், பெயரோ கடவுச்சொல்லோ பதிவாகாது என்ற உறுதிமொழி, அந்தப் பதிவும் அழிக்கப்படும் தேதி ஆகிய மூன்றையும் இணைத்து எழுதிய பிறகே கையெழுத்து கிடைத்தது. இதற்கே 12 வேலைநாட்கள் போயின. முதல் கடிதத்திலேயே இவற்றை இணைத்துவிடுங்கள்.

தேர்வுக் கட்டணத்தில் நிலுவை இருப்பதாகவும், மாலைக்குள் கட்டாவிட்டால் நுழைவுச்சீட்டு வராது என்றும் மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். இணைப்பைச் சொடுக்கினால், இது பயிற்சி என்று விளக்கும் பக்கம் திறக்கும். 62 மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சொடுக்கினார்கள். அதை நான் எதிர்பார்த்திருந்தேன். நான் எதிர்பாராதது, பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் எதையும் சொடுக்காமல் நேராக அலுவலகச் சாளரத்துக்குப் போனதுதான். சந்தேகம் வந்தால் உரிய இடத்தில் நேரில் கேளுங்கள் என்று வகுப்பில் நான் சொன்னதை அப்படியே செய்தவர்கள் அவர்கள். சாளரத்தில் இருந்த எழுத்தர் மின்னஞ்சலைப் பார்க்கவே இல்லை. “மெயில் வந்திருக்கில்ல, அதுல சொன்ன மாதிரி கட்டிருங்க” என்று அனுப்பிவிட்டார். கவனமாக நடந்த மாணவர்களை, சரிபார்க்க வேண்டிய இடமே இணைப்புக்குள் தள்ளியது. எழுத்தர் மீது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் முதல்வர் வரை கடிதம் கொண்டுபோன நான், அந்தச் சாளரத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அதைவிடப் பெரிய பிழையை மறுநாள் வகுப்பில் செய்தேன். பெயர் பதிவாகாது என்று எழுதிக் கொடுத்திருந்த நானே, “சொடுக்கியவர்கள் கை தூக்குங்கள்” என்று கேட்டேன். கைகள் உயர்ந்தன, மற்றவர்கள் சிரித்தார்கள். அன்று கை தூக்கிய ஒரு மாணவர் அடுத்த இரண்டு வகுப்புகளுக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு துறை அறைக்கு வந்தார். “சார், என் அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆயிடுச்சு” என்பதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மூத்த மாணவர் ஒருவர் கேட்டார் என்பதற்காக, ஏடிஎம் அட்டையையும் அந்தக் கணக்கோடு இணைந்த சிம் கார்டையும் மாதம் 3,000 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார். யாரிடமோ ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. முடக்கம் நான் கை தூக்கச் சொன்னதற்கு முந்தைய வாரமே நடந்துவிட்டது. அன்று வகுப்பு சிரித்ததைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது என்று மூன்று வாரம் பயந்து இருந்திருக்கிறார். அவருடைய கல்வி உதவித்தொகை வந்து விழுவதும் அதே கணக்கில்தான்.

வங்கிக் கிளைக்கு இருவரும் போனோம். வெளிமாநிலக் காவல்துறையின் உத்தரவு, எங்களால் எதுவும் செய்ய முடியாது என்று கூறி அனுப்பினார்கள். அந்தப் பயணம் முழுக்க வீண். புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்து எந்தக் காவல் நிலையம், முடக்கப்பட்ட தொகை எவ்வளவு என்ற விவரங்களைக் கிளையிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது முறை விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்ட பின்னரே எண் கிடைத்தது. அதைக் கொண்டு விசாரணை அதிகாரிக்குத் தன்னிலை விளக்கம் அனுப்பியிருக்கிறோம். பெற்றோரையும் உடன் வைத்துக்கொண்டு உள்ளூர் சைபர் குற்றப் பிரிவிலும் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். கணக்கு இன்னும் திறக்கவில்லை.

அதன் பிறகு எஞ்சிய வகுப்புகளின் திட்டத்தை மாற்றினேன். வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ வாடகைக்கு விட்டால் கணக்கின் உரிமையாளரும் விசாரணைக்குள் வருவார் என்பதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கினேன். தங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இயங்குகின்றன என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் வகுப்பிலேயே பார்க்கச் சொன்னேன். தாம் வாங்காத எண்ணைக் கண்ட ஒரு மாணவி அங்கேயே அதைத் துண்டிக்க விண்ணப்பித்தார். பணம் போனால் ஓடிபி சொன்னது யார் தவறு என்று பேசிக்கொண்டிராமல் உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுக்க அதுதான் வழி என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்போதுதான் கவனித்தேன்: எங்கள் நூலக வாசலில் ஒட்டியிருந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியில் 155260 என்ற பழைய உதவி எண்ணே இருந்தது. உங்கள் கல்லூரிச் சுவர்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கை தூக்கச் சொன்னதற்காக அந்த வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். கடைசி வாரம் இரவு 11 மணிக்கு ஒரு மாணவி, பகுதிநேர வேலை தருவதாக வந்த செய்தியை எனக்கு அனுப்பி, “சார், நான் இன்னும் எதையும் தொடவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார். அடுத்த பருவத்துக்கான அனுமதிக் கடிதத்தை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். அதன் நகல் பெறுவோர் பட்டியலில் முதலில் இருப்பது அலுவலகச் சாளரம்.