ஒரு குச்சிகூட வீட்டுக்குப் போகக்கூடாது

2024 அக்டோபர் 20, ஞாயிறு

திண்டிவனத்தில் பஸ் மாறி அம்மா ஊருக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. அத்தை கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு பெரிய மாமாவோடு அய்யனார் கோயில்காட்டுக்குக் கிளம்பினேன். சின்ன வயதில் பொங்கல் வைக்கப் போகும்போதெல்லாம் குதிரைச் சிலைகளோடு எங்களை நிறுத்திவிடுவார்கள். உள்ளே பாம்பு இருக்கும், போகக்கூடாது. இப்போது நாற்பத்தொரு வயதில் கேட்டதற்கு, "செருப்பக் கழட்டிட்டு என் பின்னாலயே வா" என்றார் மாமா. அவ்வளவுதான் அனுமதி.

சுற்றிலும் சவுக்கு, முந்திரி, தைலமரம். எல்லாம் வரிசை பிடித்து நட்டவை, ஒரே வயது, ஒரே உயரம். நடுவில் மூன்று ஏக்கர் இருக்கும், இந்தக் காடு மட்டும் எண்ணெய் வைக்காத தலை மாதிரி நிற்கிறது. பத்தடி உள்ளே போனதும் வெயில் காணாமல் போய்விட்டது. மரங்கள் ஒன்றும் வானத்தைத் தொடவில்லை. முப்பது அடியைத் தாண்டியவை குறைவு. ஆனால் மரத்துக்கு மரம் கொடி போட்டுப் பின்னிக் கிடக்கிறது. நிமிர்ந்து நடக்க இடமில்லை.

துப்பட்டாவை யாரோ பிடித்து இழுத்தது போல இருந்தது. திரும்பினால் ஒரு கொடி. அதன் தண்டில் ஜோடி ஜோடியாகச் சுருண்ட கொக்கிகள், ஒவ்வொன்றும் விரலில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு வளையம். மோதிரக்கண்ணியாம். பேர் வைத்தவர் கண்ணில் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். துணியைக் கிழிக்காமல் எடுக்க மாமாவுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. கொடியை அறுத்திருந்தால் ஒரு நொடி. அறுக்கவில்லை.

"இங்கேருந்து ஒரு குச்சிகூட வீட்டுக்குப் போவக்கூடாது. போனா அய்யனாரு ராத்திரி குதிரைல வந்து கேப்பாரு."

நம்புகிறீர்களா என்று கேட்டேன். முறைத்தார்.

அக்டோபர் 21

காலையில் நோட்டுப் புத்தகத்தோடு போனேன். மாமா பெயர் சொல்லச் சொல்ல எழுதினேன். காசான், வீரை, நெய்க்கொட்டான், தேத்தான், எட்டி, உலக்கைப்பாலை, மகிழம், உசில், கருங்காலி, நாவல். இருபத்தாறோடு நின்றார். அதற்குமேல் "அது ஒரு மரம்", "அது ஒரு கொடி" என்று சொல்லத் தொடங்கியதும் நோட்டை மூடிவிட்டேன். தேத்தான் கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசிவிட்டு ஏரித் தண்ணீரை ஊற்றினால் கலங்கல் அடியில் படிந்துவிடும், அவருடைய அம்மா அப்படித்தான் செய்வார் என்றார். பாட்டியைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று, ஒரு மரத்தடியில் கிடைத்தது.

வனத்துறைக்காரர்கள் இந்த மாதிரிக் காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். 1968-இல் சாம்பியன், சேத் இருவரும் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு. பெயரே முரணாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் காய்ச்சல். அப்படிக் காய்கிற ஊரில் மரம் இலையை உதிர்த்துவிட்டுத்தானே பிழைக்க வேண்டும்? இவை உதிர்ப்பதில்லை. வீரை இலையை விரலால் மடித்துப் பார்த்தேன், தோல் செருப்பு வார் மாதிரி கெட்டி. தண்ணீரைச் சுலபத்தில் வெளியே விடாது.

சோழமண்டலக் கரையோரம் இருந்த இந்தக் காட்டில் பெரும்பாலும் கோயில் பெயரால் தப்பிய துண்டுகள்தான் மிச்சம். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு வெறும் செம்மண் பொட்டல். அங்கே பழையபடி காடு வளர்க்க முனைந்தவர்கள் விதைக்காக வந்து நின்றதும் இந்த மாதிரி அய்யனார் கோயில்களின் வாசலில்தான்.

நவம்பர் 30, சென்னை

ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறுகிறது. சாயங்காலம் மாமாவைப் பிடித்தேன். மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிட்டாராம். அதற்குள் லைன் போய்விட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்றுதான் வர முடிந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. பேப்பரில் படிக்கும்போது அது வெறும் எண். முழங்காலுக்கு மேல், அரை மீட்டர் தண்ணீர் வானத்திலிருந்தே விழுந்தது என்று வயல்வரப்பில் நின்றால்தான் உறைக்கிறது. நெல் முழுக்கப் படுத்து அழுகிய நாற்றம். சவுக்குத் தோப்பு ஒரே திசையில் சாய்ந்து கிடக்கிறது, யாரோ சீப்பால் வாரிவிட்டது போல.

"இது காத்து இல்ல, தண்ணி" என்றார் மாமா. 2011 டிசம்பர் 30 தானே புயலோடுதான் அவர் எல்லாவற்றையும் ஒப்பிடுவார். அதில் அவருடைய முந்திரி முழுக்கப் போனது.

காட்டில் ஓரத்து மரங்கள் கிளை முறிந்து நிற்கின்றன. உள்ளே அவ்வளவு சேதமில்லை. கொடிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருப்பதாலா, மரங்கள் குட்டையாக இருப்பதாலா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நடுவில் அந்தப் பெரிய நாவல் விழுந்துவிட்டது. வேரோடு பெயர்ந்து வந்த செம்மண் சுவர் என்னைவிட உயரம். அடிமரத்தில் ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து. எத்தனை வருஷமாக உள்ளே உளுத்துக்கொண்டே வெளியே பழம் கொடுத்துக்கொண்டிருந்ததோ. மேலே இருந்த கூரையில் ஓட்டை விழுந்து, அந்த இடத்தில் மட்டும் தரையில் நேராக வெயில்.

சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம். மரத்துக்கு வியாபாரி ஒருவர் இருபத்தைந்தாயிரம் பேசியிருக்கிறாராம். அதை வைத்து தகர ஷெட் போடலாம், சுற்றி சிமெண்ட் தரை போடலாம், டைல்ஸ்கூடப் போடலாம் என்று இளவட்டங்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மழையில் பொங்கல் வைத்து நனைந்தவர்கள்தானே. ஆனால் பக்கத்து ஊர்க் காட்டை இப்படித்தான் பார்த்தோம். முதலில் ஷெட், பிறகு லாரி வர வழி, பிறகு வண்டி நிறுத்த இடம். இப்போது அங்கே கோபுரம் பளபளவென்று இருக்கிறது. காடு ஆறு மரம்.

பேசி முடியவில்லை. காலையில் பூ போட்டுப் பார்ப்பது என்று முடிவு.

டிசம்பர் 9

பூவரசு இலையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. சிவப்பு வந்தால் விற்கலாம், வெள்ளை வந்தால் மரம் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். பூசாரிக்குக் கை நடுக்கம், மாமாதான் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஐந்து வயதுப் பெண் ஒருத்தியை எடுக்கச் சொன்னார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே ஒன்றை எடுத்தாள்.

வெள்ளை.

ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

2025 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள்

காசான் பூத்திருக்கிறது! நுனியில் பூப்பதில்லை, இலை இல்லாத பழங்குச்சியில் கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாக, கடுகை விடக் கொஞ்சம் பெரிய மொட்டுகள். விரிந்தவை நீலம். தூரத்திலிருந்து பார்த்தால் குச்சியை நீலத்தில் முக்கி எடுத்தது போல இருக்கிறது. இதுதான் காயாம்பூ. காயாம்பூ மேனி என்று பெருமாளைச் சொல்லும்போது மனதில் ஏதோ தாமரை அளவுப் பூவை வைத்திருந்தேன். அரை அங்குலம்கூட இல்லை.

நாவல் கிடக்கும் திறப்பில் உண்ணிச்செடி புகுந்துவிட்டது. மாமா அதை வேரோடு பிடுங்கி வெளியே எறிந்துகொண்டிருந்தார். ஒரு குச்சிகூடத் தொடக்கூடாது என்றீர்களே?

"இது காட்டோடதா? எங்கேருந்தோ வந்தது."

பிடுங்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் நந்தியாவட்டைதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. அய்யனார் குதிரையில் வந்து கேட்டால்? "கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். இதை எழுதலாமா என்று கேட்டேன். ஊர் பேர் போடாதே என்றார். அதனால்தான் போடவில்லை.

மே 18, ஞாயிறு

பாலைப்பழம் பழுத்துவிட்டது. வேப்பம்பழம் அளவு, மஞ்சள், சாப்பிட்டால் உதட்டில் பால் பிசின் மாதிரி ஒட்டுகிறது. இனிப்போ இனிப்பு. காட்டுக்குள்ளே சாப்பிடலாமாம், மடியில் கட்டக்கூடாது. பத்துப் பதினைந்து தின்றிருப்பேன்.

விழுந்த நாவலின் முதுகில் மரநாய் கழித்துவிட்டுப் போயிருந்தது. காய்ந்த கட்டி முழுக்கப் பாலைக் கொட்டைகள், பழுப்பாக, எண்ணெய் தேய்த்தது போல மின்னிக்கொண்டு. மரப்பட்டை வெடிப்பில் கறையான் மண். பக்கத்தில் இரண்டு இலையோடு ஏதோ ஒரு கன்று, மாமாவுக்கே பெயர் தெரியவில்லை.

எனக்கு இரண்டு கொட்டை வேண்டும் போலிருந்தது. சென்னையில் மொட்டைமாடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. கேட்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன்.

மாமா கொட்டையைப் பார்த்தார். கோயில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"குச்சிதான கூடாதுன்னு சொல்லியிருக்கு" என்றார்.