சித்தப்பாவின் தோல்: அக்டோபர் குறிப்புகள்

12 அக்டோபர் 2024, சனி

சித்தப்பாவை நாகர்கோவிலில் தோல் டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தோம். சொரியாசிஸ்தான். முழங்கை, முழங்கால், தலையில் முடி ஓரம் எல்லாம் சிவந்து தடித்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. தோலின் செல்கள் அடியிலிருந்து மேலே வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இவருக்கு எதிர்ப்புச் சக்தி கண்டபடி தூண்டிவிடுவதால் சில நாளிலேயே வந்து குவிகின்றன. கிருமி கிடையாது, தொட்டால் ஒட்டாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் போன வாரம் கல்யாணப் பந்தியில் சித்தப்பாவின் கையைப் பார்த்ததும் பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். சித்தப்பா அப்புறம் சரியாகச் சாப்பிடவே இல்லை.

15 அக்டோபர், செவ்வாய்

டாக்டர் நகத்தையும் பார்த்தது நல்லதாகப் போயிற்று. குண்டூசியால் குத்தியதுபோலக் குழிகள். காலையில் விரல் விறைக்கிறதா என்றும் கேட்டார். சொரியாசிஸ் உள்ள சிலருக்கு மூட்டுவாதமும் வருமாம், கவனிக்காமல் விட்டால் மூட்டே கெட்டுவிடும். சித்தப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், கத்தி பிடிக்கிற கை.

20 அக்டோபர், ஞாயிறு

மாமி வந்து சித்தப்பாவின் ஸ்டீராய்டு களிம்பில் கொஞ்சம் கேட்டார். கொடுக்கவில்லை. அவர் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், அண்டி உடைக்கிறவர், தோட்டின் எண்ணெய் பட்டு விரல் கறுத்து உரிகிறது. அதற்கு முதலில் வேண்டியது கையுறை. பேரனுக்கோ முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் ராத்திரி முழுக்க அரிப்பு, கூடவே இழைப்பும் உண்டு; எக்ஸிமா என்கிற தோல் அழற்சியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டச் சொன்னேன். வட்டமாக ஓரம் தடித்துப் பரவுகிற படர்தாமரை பூஞ்சையால் வருவது, அது ஒட்டும், ஸ்டீராய்டு களிம்பு போட்டால் இன்னும் பரவும். ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் பூசுவதில் எனக்குத் துளியும் சம்மதம் இல்லை.

29 அக்டோபர், செவ்வாய்

இன்று உலக சொரியாசிஸ் தினம். சித்தப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்தான மெத்தோட்ரெக்சேட் தொடங்கியாயிற்று. வாரத்தில் ஒரே நாள்தான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஞாயிறு என்று முடிவு செய்து அட்டையில் சிவப்பு மையால் எழுதிவிட்டேன். அடியோடு குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார் டாக்டர். மது கூடாது, ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. அடுத்த பரிசோதனைக்கு நானே கூடப் போகிறேன்.