வயது வித்தியாசமும் ஆடுபுலி ஆட்டமும்

கோடை விடுமுறையில், குறிப்பாக அக்கினி நட்சத்திர நாட்களில், காலை பத்து மணிக்குமேல் பிள்ளைகளைத் தெருவில் விட மனம் வருவதில்லை. வெயில் தாழும்வரை அவர்கள் வீட்டுக்குள்தான் இருந்தாக வேண்டும். கைப்பேசியைக் கொடுத்தால் வீடு அமைதியாகிவிடும் என்பது உண்மையே. ஆனால் அதைத் திரும்ப வாங்கும்போது எழும் சண்டையை நினைத்தால், கொடுக்காமல் இருப்பதே மேல்.

எங்கள் வீட்டில் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு வயது. கேரம் ஆடினாலும் சதுரங்கம் ஆடினாலும் அக்காவே வெல்வதும், தம்பி அழுதபடி எழுந்து போவதும் வழக்கமாகிவிட்ட நிலையில், ஆடுபுலி ஆட்டம் கைகொடுத்தது. இதில் இரு தரப்பும் தொடக்கத்திலிருந்தே வேறு வேறு. 23 புள்ளிகள் கொண்ட கட்டத்தில் ஒருவருக்கு 3 புலிகள், மற்றவருக்கு 15 ஆடுகள். எல்லா ஆடுகளையும் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலியோ, பக்கத்திலிருக்கும் ஆட்டுக்கு நேர் அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டிவிடும். புலிகள் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. புலி வைத்திருப்பவருக்குக் கண்ணெதிரே தெரியும் வாய்ப்பைப் பிடித்தாலே போதும். ஆடு வைத்திருப்பவருக்குத்தான் அடுத்தடுத்த நகர்வுகளை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பொறுமை வேண்டும். ஆகவே தம்பிக்குப் புலி, அக்காவுக்கு ஆடு. அவனுக்கு விட்டுக்கொடுக்கும்படி அவளிடம் கெஞ்ச வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

தாயத்தில் ஆட்டத்தைவிட அதற்கான ஆயத்தமே அதிக நேரம் பிடித்தது. பித்தளைத் தாயக்கட்டை வீட்டில் இருந்தும், புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் தேய்க்கச் சொன்னேன். ஒரு மதியம் முழுவதும் அதிலேயே கழிந்தது. தேய்த்த கொட்டை சூடேறும் என்பதையும், அதைத் தம்பியின் கையில் வைத்தால் அவன் அலறுவான் என்பதையும் யாரும் சொல்லித்தராமலே மகள் கண்டுபிடித்தாள்.

பித்தளைக் கட்டைகளை வேறொரு வேலைக்கு எடுத்துக்கொண்டோம். தாயம், அதாவது ஒன்று, ஏன் எளிதில் விழுவதில்லை என்று அவள் கேட்டபோது, விடையைச் சொல்லாமல் தாளும் பென்சிலும் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என நான்கு முகங்கள் இருப்பதால், இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம் 2 விதம், மூன்று 4 விதம், இரண்டு கட்டைகளிலும் வெறுமுகம் விழும் பன்னிரண்டு ஒரே விதம். இதைப் பட்டியலிட்டபின், உருட்டி உருட்டிச் சரிபார்க்கும் வேலையைத் தம்பி ஏற்றுக்கொண்டான். (அவன் உருட்டும் முறையில் நியாயம் குறைவு என்பது அக்காவின் குற்றச்சாட்டு.)

பல்லாங்குழிக்கு 14 குழிகளில் ஐந்தைந்தாக 70 முத்துகள் வேண்டும். சோழி, புளியங்கொட்டை எதுவும் ஆகும். பழைய பெட்டியில் குன்றிமணி கிடைத்தால் மட்டும் அதை எடுத்துத் தராதீர்கள். மென்றுவிட்டால் கடும் நஞ்சு. சிறு குழந்தை தவழும் வீடானால் புளியங்கொட்டையும் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால், ஆட்டம் முடிந்ததும் முத்துகளை எண்ணி வைப்பது பெரிய பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும்.