மூன்று பியூஸ் கட்டைகள்

வேலையில் சேர்ந்த ஆறாவது மாதம், மழைக்கு முந்தைய அணை ஆய்வுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டப்படி பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்தாக வேண்டும். மேட்டூர் மாதிரி பெரியதில்லை, ஏழு ஷட்டர் உள்ள கல் கட்டட அணை. நான் போட்டிருந்த ஸ்போர்ட்ஸ் ஷூவைப் பார்த்த லஸ்கர் (அணைக் காவல், ஷட்டர் வேலை பார்க்கும் ஊழியர்) அண்ணன், ஒன்றும் சொல்லாமல் ஒரு ஜோடி கம்பூட்டை எடுத்து வந்து முன்னால் வைத்தார்.

முதலில் கேலரி. அணையின் வயிற்றுக்குள் ஓடும் ஆளுயரச் சுரங்கம். உதவிப் பொறியாளர் வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. காட்டியது 19.2. காற்றாடியை ஓடவிட்டு முக்கால் மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தோம்.

"கொஞ்சம்தானே சார் குறையுது?" என்றேன்.

"உள்ள ஒருத்தன் மயங்கினா, தூக்கப் போறவனும் விழுவான் தம்பி. டீயைக் குடி."

20.6 வந்த பிறகு, வாசலில் ஒருவரை நிறுத்தி, நோட்டில் பெயர் எழுதிவிட்டு இறங்கினோம். கம்பூட்டின் அருமை அப்போதுதான் தெரிந்தது. கல் இடுக்கிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு படிகளில் வெள்ளையாகப் படிந்திருக்க, அதன்மேல் கசிவு நீர். சோப்பு போட்ட தரை தேவலை. கசிவை அளந்தோம், போன வருஷக் கணக்கோடு ஒத்துப்போனது.

அப்புறம் ஷட்டருக்குக் கீழே உள்ள தளம். தண்ணீர் ஷட்டரின் பாதி வரை நின்றது. அண்ணன் மோட்டார் மெயினை அணைத்து, மூன்று பியூஸ் கட்டைகளையும் உருவி என் பையில் போட்டார். "மேல வந்து நீங்களே திருப்பிக் குடுங்க சார். அதுவரைக்கும் யார் சொன்னாலும் ஷட்டர் தூக்க முடியாது." ஆனால் பியூஸை எடுத்துவிட்டால் இரும்பு உடையாது என்று அர்த்தமில்லையே. 2017இல் கிருஷ்ணகிரி அணையில் ஷட்டர் உடைந்தது ஞாபகம் வர, நேர் கீழே நிற்காமல் பக்கச் சுவர் ஓரமாகவே நின்று பார்த்தேன்.

இருட்டிய பிறகு பஸ்ஸில் போன் வந்தது. "சார், எங்க இருக்கீங்க?"

"ஊருக்குப் போய்ட்டு இருக்கேண்ணே. ஏன்?"

"ரெண்டு கட்டைதான் சார் குடுத்திருக்கீங்க. டார்ச் அடிச்சுக் கீழ தேடிட்டு இருக்கேன்."

பையைத் துழாவினேன். டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறினேன்.