பெருந்தச்சன் பெயரைத் தேடி: பிள்ளையார்பட்டி முதல் குமரிமுனை வரை

கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைச் செய்தது யார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் திறந்து வைத்தவர் பெயர்தான் பதிலாக வரும். திறந்து வைத்தது கலைஞர், 2000 ஜனவரி 1. சரி, செய்தவர்? வை. கணபதி ஸ்தபதி. இந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, அவர் பிறந்த ஊர், அவருக்கு முன்னால் கல்லில் பெயர் விட்டுப் போன சிற்பிகளின் ஊர்கள், அவர் பெயரையே வைத்திருந்த ஒரு ராஜாவின் காலத்துக் கோயில் என்று ஊர் ஊராகப் போய் வந்தேன். ஒரே வீச்சில் அல்ல, விடுப்பு கிடைத்தபோதெல்லாம். பார்த்ததைச் சேர்த்து எழுதி வைக்கிறேன், யாருக்காவது வழிகாட்டும்.

முதலில் பிள்ளையார்பட்டி. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற சாலையில் இருக்கிறது. கணபதி ஸ்தபதி 1927-இல் பிறந்தது இங்கேதான். ஊரே பிள்ளையார் பெயரில் இருக்கும்போது வீட்டுப் பிள்ளைக்குக் கணபதி என்று பெயர் வைத்ததில் வியப்பு ஒன்றுமில்லை. கற்பக விநாயகர் மலையோடு சேர்த்துக் குடைந்த உருவம், இரண்டே கைகள், வலம்புரித் துதிக்கை, வடக்கு பார்த்த முகம். பிற்காலப் பிள்ளையார்களிடம் பார்க்கிற நாலு கை, பாசக்கயிறு, அங்குசம் எதுவும் இல்லாத, மிகப் பழைய காலத்துப் பிள்ளையார். கூட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும், நின்று பார்க்க நேரம் கிடைக்காது, ஆனாலும் அந்தத் தொந்தியும் உட்கார்ந்திருக்கிற தோரணையும் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் குடைவரைக்குள்ளே ஒரு தூணில் சின்னக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. எழுத்தமைதியை வைத்து 5, 6-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். எக்காட்டூருக் கோன் பெரும்பரணன் என்று சிலர் வாசிக்கிறார்கள், பெருந்தசன், அதாவது பெருந்தச்சன், தலைமைச் சிற்பி என்று வாசிப்பவர்களும் உண்டு. எப்படி வாசித்தாலும் இவர்தான் இந்தப் பிள்ளையாரைச் செதுக்கியவர் என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. இன்றைய சிற்பிகளில் உலகமெல்லாம் பேர் போன ஒருவர் பிறந்த ஊரிலேயே, அவருக்கு ஆயிரத்து நானூறு வருடம் முந்திய ஒரு சிற்பியின் பெயரும் கல்லில் இருக்கிறது. சன்னிதியில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? யாரும் எடுத்துச் சொல்லாமல் எப்படித் தெரியும்?

அங்கிருந்து தஞ்சாவூர். பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தைப் பார்த்து, நந்தியைப் பார்த்து, வெயில் தாங்காமல் வெளியே வந்துவிடுகிறார்கள். நான் போனது கல்வெட்டுக்காக. வடபுறத் திருச்சுற்றின் வெளிப்பக்கச் சுவரில் ராஜராஜனின் 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஓடுகிறது, அதாவது 1014 வாக்கில் வெட்டியது. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கான ஆடல் மகளிர், நானூறு பேரை ஊர் ஊராகக் கொண்டுவந்து குடியேற்றிய பட்டியல் அது. யார் தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பதுவரை எழுதியிருக்கிறது. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். அந்தப் பெண்களுக்கு அப்புறம் நட்டுவம் செய்பவர், பாடுபவர், சங்கு ஊதுபவர், குயவர், வண்ணார், நாவிதர் என்று கோயிலை நடத்திய எல்லாரும் வரிசையாக வருகிறார்கள். அந்த வரிசையில்தான் தச்சாசாரியம் செய்ய வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன், பங்கு ஒன்று. அவருக்குக் கீழே மதுராந்தகனான நித்தவினோதப் பெருந்தச்சன், இலத்திசடையனான கண்டராதித்தப் பெருந்தச்சன், ஆளுக்கு முக்கால் பங்கு.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நித்தவினோதன் ராஜராஜனின் பட்டப்பெயர். கண்டராதித்தன் அவன் தாத்தாவின் அண்ணன். ராஜராஜன் யார் என்று சொல்லவே வேண்டாம். இதே பட்டியலில் நாவிதருக்கும் இராசராசப் பெருநாவிசன் என்ற பட்டம்தான். ராஜா தன் பெயரையும் தன் குடும்பத்துப் பெயரையும் உழைக்கிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறான், அது மரியாதைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டு குஞ்சரமல்லன் என்ற மனிதர் எவ்வளவு தூரம் பின்னால் போய்விட்டார்! அவருடைய சொந்த ஊர், அப்பா பெயர், எத்தனை வருடம் வேலை பார்த்தார், எதுவும் இல்லை. ஒரு பங்கு நெல், அவ்வளவுதான். இந்தக் கல்வெட்டு இவர்தான் விமானம் எடுத்தார் என்று நேராகச் சொல்லவில்லை, பதவியையும் சம்பளத்தையும்தான் சொல்கிறது. ஆனால் ராஜாவின் பெயரையே பட்டமாகப் பெற்ற தலைமைத் தச்சர் வேறு யாராக இருக்க முடியும் என்பதுதான் பெரும்பாலானோர் எண்ணம், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கணபதி ஸ்தபதியின் குடும்பம் இந்தக் குஞ்சரமல்லன் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்கிறது.

பெருந்தச்சன் என்றாலே மலையாளிகளுக்கு நினைவுக்கு வருவது வேறொருவர். ஆலுவா பக்கம் பெரியாற்றங்கரையில் உளியன்னூர் என்று ஒரு ஊர், அங்குள்ள மகாதேவர் கோயிலைக் கட்டியது பெருந்தச்சன் என்று சொல்வார்கள். மகன் தன்னைவிடக் கெட்டிக்காரனாக வளர்ந்ததால் மேலேயிருந்து உளியை நழுவவிட்டு அவனைக் கொன்றுவிட்டார் என்று கதை. வரலாறு இல்லை, கதைதான். ஆனால் எனக்கு அந்தக் கதையைக் கேட்டாலே மனசு கனத்துப்போகும், ஏனென்றால் கணபதி ஸ்தபதி வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். அப்பா வைத்தியநாத ஸ்தபதி 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையத்துக்குத் தலைமை ஏற்றார், அவருக்கு அடுத்து 1961-இல் மகன் அதே பொறுப்பை ஏற்று 27 வருடம் நடத்தினார். குலத்தொழிலாக அப்பா பிள்ளைக்கு மட்டும் கற்றுக்கொடுத்த வேலையை, மாணவராகச் சேருகிறவர்கள் படிக்கிற பட்டப்படிப்பாக மாற்றியதுதான் அவர் செய்த எல்லாவற்றிலும் பெரியது என்று நினைக்கிறேன், சிலைகளைவிட.

மாமல்லபுரம் போனால் அது புரியும். எந்தத் தெருவில் நுழைந்தாலும் உளிச் சத்தம், இப்போது அதோடு கிரைண்டர் சத்தமும், வெள்ளைப் புழுதியும். ஒரு பட்டறையில் வயதான சிற்பி ஒருவர் கல்லில் காவியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றதும் அவரே பேச ஆரம்பித்தார். சுத்தியலால் ஒரு கல்லைத் தட்டி, "கேளுங்க தம்பி, மணி மாதிரி வருதா? இது ஆண் கல்லு" என்றார். இன்னொன்றைத் தட்டினார், சத்தம் கொஞ்சம் மெல்லிசாக வந்தது, அது பெண் கல். மூன்றாவது சத்தமே இல்லாமல் மொத்தென்று விழுந்தது. "இதுல சாமி வராது, படிக்கட்டுக்குப் போகும்." கணபதி ஸ்தபதியைத் தெரியுமா என்று கேட்டேன். உளியைக் கீழே வைத்துவிட்டு, "அவர்கிட்டதான் ஐயா படிச்சோம் நாங்க எல்லாம்" என்றார். தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அந்தப் பெயரைக் கேட்டதும் என்னை ஐயா என்று கூப்பிட்டுவிட்டார்.

அப்படியே பூஞ்சேரிக்குப் போய்விடுங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை. நொண்டி வீரப்பன் தொட்டி என்று உள்ளூரில் சொல்லும் இடம், பாறைகள் கிடக்கும். பாறையைப் பிளக்க வரிசையாக ஆப்புக்குழி அடித்த தடங்களை மாமல்லபுரத்தில் பல இடத்தில் பார்க்கலாம். அப்படி வேலை செய்தவர்கள் என்று கருதப்படுகிறவர்களின் பெயர்கள் இங்கே பாறையில் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன். நான் முதலில் அசந்தது கடைசிப் பெயரைப் பார்த்துத்தான். கொல்லன் எதற்கு இந்தப் பட்டியலில்? கருங்கல்லில் வேலை செய்தால் உளி முனை சீக்கிரம் மழுங்கிவிடும், உலையில் காய்ச்சி அடித்துத் தோய்ச்சல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கொல்லன் இல்லாமல் சிற்பி ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. அது தெரிந்த யாரோதான் அவர் பெயரையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பட்டியலில் ராஜா பெயராக இருக்கிறதே, இங்கே ஒரு பெயரிலும் ராஜா இல்லை. அத்தனையும் அவரவர் பெயர். இவ்வளவு அழகான ஒரு பட்டியலுக்குப் போக ஒரு நல்ல பாதை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கணபதி என்ற பெயரில் ஒரு ராஜா இருந்தார் என்று சொன்னேன் அல்லவா, அவர் காகதீய கணபதிதேவர், வாரங்கலை ஆண்டவர். அவருடைய தளபதி ரேசர்ல ருத்ரன் 1213-இல் எடுப்பித்த கோயில், தெலங்கானாவில் முலுகு மாவட்டத்துப் பாலம்பேட்டையில் இருக்கிறது. கல்வெட்டு ருத்ரனைச் சொல்கிறது, சாமி பெயர் ருத்ரேஸ்வரர். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் ராமப்பா கோயில் என்றுதான் சொல்வார்கள். ராமப்பா அதைச் செதுக்கிய சிற்பியின் பெயர் என்பது வழிவழியாக வருகிற செய்தி. ராஜா பெயரும் தளபதி பெயரும் பின்னால் போய், சிற்பியின் பெயர் கோயிலுக்கே நின்றுவிட்டது! 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் அந்தப் பெயரும் கூடவே போயிற்று. தூண்களுக்கு மேலே சாய்ந்து நிற்கிற கறுப்புக்கல் பெண் சிற்பங்களைப் பார்க்கவே தனியாகப் போகலாம், அதில் ஒருத்தி குதிகால் உயர்ந்த பாதணி போட்டிருக்கிறாள். விமானத்தை மிதக்கும் அளவு லேசான செங்கல்லால் கட்டியிருக்கிறார்கள்.

பெயர் ஒற்றுமையில் இன்னொன்றும் உண்டு, கணபதி ஸ்தபதியின் மனதுக்கு மிக நெருக்கமானது. சிற்ப நூல்களின் ஆதி ஆசான் மயன். கோவலன் கண்ணகி கட்டிலைக்கூட மயன் செய்தது போன்றது என்றுதான் சிலப்பதிகாரம் சொல்லும். இந்த மயனும் மத்திய அமெரிக்காவின் மாயா மக்களும் ஒன்று என்று அவர் உறுதியாக நம்பினார், அங்கே போய் அந்தக் கட்டடங்களை நம் அளவுமுறையில் அளந்தும் பார்த்தார். வரலாற்று ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை, எனக்கும் ஒப்புதல் இல்லை, பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. ஆனால் தன் தொழிலின் மூதாதையைத் தேடி அந்த வயதில் அவ்வளவு தூரம் போன மனசை நான் மதிக்கிறேன்.

கடைசியாகக் குமரிமுனை. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரம். சிலை 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்குமான 95. மொத்தம் 133. மொத்த எடை ஏறத்தாழ 7000 டன். இதெல்லாம் பலகையிலும் புத்தகத்திலும் கிடைக்கும். நான் பார்க்கச் சொல்வது இடுப்பை. நேராக நிற்கிற மாதிரி தெரியும், ஆனால் இடுப்பில் ஒரு சின்ன வளைவு இருக்கிறது, ஆடவல்லான், அதாவது நடராசர் திருமேனியில் பார்க்கிற நெளிவு. இத்தனை உயரத்தில், அடுக்கிய கல்லில், கடல் காற்றுக்கு நடுவே அந்த நெளிவைக் கொண்டுவர எவ்வளவு கணக்குப் போட்டிருக்க வேண்டும்! அடிக்கல் நாட்டியது 1979, வேலை சூடு பிடித்தது 1990-க்குப் பிறகு. 2004 சுனாமியில் அலை பாறை மேலேயே வந்து அடித்தது, சிலை அசையவில்லை. பாதத்துக்கு அருகே போய் நின்றால் ஒவ்வொரு கல்லும் அடுத்ததோடு சேர்கிற இணைப்பு தெரியும். அங்கே சிலரிடம் செய்தவர் பெயரைச் சொன்னேன், ஒரு பாட்டி திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

அவர் கை எட்டிய தூரம் ஹவாய்வரை. கவாய் தீவில் ‘இறைவன் கோயில்’ என்றே பெயர் கொண்ட சிவன் கோயில், வரைந்தது இவர். பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்பிகள் குடியிருப்பில் கருங்கல்லைக் கையாலேயே செதுக்கி, கப்பலேற்றி, அங்கே பொருத்தினார்கள். அடித்தளத்தில் இரும்புக் கம்பியே கிடையாது, துருப்பிடித்துக் காங்கிரீட்டைப் பிளக்கும் என்பதால் சாம்பல் கலந்த காங்கிரீட். 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. ஸ்தபதி 2011-லேயே காலமாகிவிட்டார், 2009-இல் பத்மபூஷண் கொடுத்திருந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: பிள்ளையார்பட்டியும் தஞ்சாவூரும் சேர்த்துப் பார்த்துவிடலாம். பெரிய கோயிலில் கல்வெட்டு வாசிக்கக் காலையிலோ சாயங்காலமோ போங்கள், சாய்வெளிச்சத்தில்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். பூஞ்சேரிக்கு உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், பாறை மேல் செருப்போடு நடந்து எழுத்தைத் தேய்க்காதீர்கள். குமரியில் விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் பாறைக்கு 2024 டிசம்பர் கடைசியிலிருந்து கண்ணாடிப் பாலம் இருக்கிறது, 77 மீட்டர். ஆனால் விவேகானந்தர் பாறைக்குப் படகில்தான் போக வேண்டும், கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள், அதற்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.