லேப் எக்ஸாம்ல டைனமிக் டவுன்லோட் லிங்க் கேள்வி வந்தா எப்படி எழுதலாம், நான் படிச்ச விதம்

பிஹெச்பி (சர்வர்ல ஓடுற ப்ரோகிராமிங் மொழி) லேப் எக்ஸாமுக்கு படிக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். டேட்டாபேஸ்ல இருக்கற ஃபைல்களுக்கு டவுன்லோட் லிங்க் காட்டுன்னு கேட்டா நிறைய பேர் லூப் போட்டு ஃபைல் பேரை அப்படியே ஆங்கர் டேக்ல (லிங்க் போடுற ஹெச்டிஎம்எல் குறி) வெச்சு பிரிண்ட் பண்ணிட்டு எழுந்துடுறாங்க. கிளிக் பண்ணா ஃபைல் வரும்தான், ஆனா அது பாதி விடை. லிங்க்ல ஃபைலோட ஐடி மட்டும் போகணும், அந்த ஐடிக்கு எந்த ஃபைல், கேக்குற ஆளுக்கு அதைக் குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றது சர்வர்ல இருக்கற டவுன்லோட் ஸ்கிரிப்ட். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா கோடு தானா வரும், மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல.

நான் படிச்சது பெரும்பாலும் பிரவுசரோட டெவலப்பர் டூல்ஸ்ல, நெட்வொர்க் டேப்ல உக்காந்துதான். லிங்கை கிளிக் பண்ணி சர்வர் என்ன ஹெடர் (ஃபைலுக்கு முன்னாடி போற விவரக் குறிப்பு) அனுப்புதுன்னு பாருங்க. கண்டென்ட்-டைப் என்ன வகை ஃபைல்னு சொல்லுது, கண்டென்ட்-டிஸ்பொசிஷன்ல அட்டாச்மென்ட்னு இருந்தா பிரவுசர் திறந்து காட்டாம சேவ் பண்ணும், கண்டென்ட்-லெங்த் இருந்தாதான் எத்தனை சதவீதம் இறங்குச்சுன்னு பிரவுசரால காட்ட முடியும். ஒவ்வொண்ணா எடுத்துட்டு ரன் பண்ணிப் பாருங்க, எது எதுக்குன்னு அப்புறம் மறக்கவே மறக்காது. ஃபைல் பேர் தமிழ்ல இருந்தா சாதா ஃபைல்நேம் பத்தாது, ஃபைல்நேம் பக்கத்துல நட்சத்திரக் குறி போட்டு யூடிஎஃப்-8 என்கோடிங்ல குடுக்கணும், 2011ல வந்த ஆர்எஃப்சி 6266ங்கற இன்டர்நெட் விதிமுறை ஆவணத்துல இது இருக்கு.

ரொம்ப நேரம் தின்கிற இடம் ஒண்ணு இருக்கு, "ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்" வார்னிங், ஹெடருக்கு முன்னாடியே வேற ஏதாவது வெளிய போயிட்டா வர்றது. பிஹெச்பி ஓப்பனிங் டேக்குக்கு முன்னாடி ஒரே ஒரு காலி லைன் இருந்தாலும் போதும், இல்ல எடிட்டர் ஃபைல் தொடக்கத்துல 3 பைட் பிஓஎம் (கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி) சேர்த்து சேவ் பண்ணியிருந்தாலும் வந்துடும். அந்த மெசேஜ்ல ரெண்டு லைன் நம்பர் இருக்கும், எல்லாரும் கடைசி நம்பரைப் பாத்து ஹெடர் லைனையே திரும்பத் திரும்பத் திருத்துவாங்க, நீங்க பாக்க வேண்டியது அடைப்புக்குறிக்குள்ள அவுட்புட் எங்க ஆரம்பிச்சதுன்னு சொல்ற நம்பரை. இதுல இன்னொரு சிக்கல் என்னன்னா அவுட்புட் பஃபரிங் (அவுட்புட்டை உடனே அனுப்பாம சேர்த்து வெக்கிறது) ஆன்ல இருக்கற மெஷின்ல வார்னிங்கே வராது, அந்தக் காலி லைன் ஃபைலுக்குள்ள போய் உக்காந்துக்கும், படம் திறக்காது. அதனால ஃபைலைப் படிச்சு அனுப்புற ரீட்ஃபைலுக்கு முன்னாடி, பஃபர் இருந்தா அதைக் காலி பண்ற ஓபி-எண்ட்-க்ளீன், பின்னாடி ஸ்கிரிப்டை நிறுத்துற எக்ஸிட், இதை பழக்கமாவே ஆக்கிடுங்க.

வைவால செக்யூரிட்டி கேள்வி கட்டாயம் எதிர்பாருங்க. லிங்க்ல ஃபைல் பேரையே அனுப்புனா என்ன ஆகும்? யாராவது ../ (ஒரு ஃபோல்டர் மேல போ) போட்டு ஃபோல்டருக்கு வெளிய இருக்கற கான்ஃபிக் ஃபைலையே எடுத்துடலாம். ஐடியை இன்டா (முழு எண்ணா) மாத்தி, ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட்ல (மதிப்பைத் தனியா அனுப்புற டேட்டாபேஸ் குவெரி) தேடி, ஃபைல்களை டாக்குமென்ட் ரூட்டுக்கு (பிரவுசர் நேரா எடுக்கக்கூடிய ஃபோல்டர்) வெளிய வெச்சா அந்த வழி அடைபடும். ஆனா ஐடி 25ஐ 26ன்னு மாத்தி அடிச்சா அடுத்தவங்க ஃபைல் வருமே, அதுக்கு ஸ்கிரிப்ட்ல பெர்மிஷன் செக் வேணும், பெர்மிஷன் இல்லாதவங்களுக்கு 403 (அனுமதி இல்லைன்னு சொல்ற ஸ்டேட்டஸ்). பேஜ்ல லிங்கை மறைச்சுட்டா போதும்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.

கொஞ்ச நேரத்துல காலாவதியாகுற லிங்க் கேட்டா ஐடியையும் எக்ஸ்பைரி டைமையும் சேர்த்து ஒரு ரகசிய கீயோட ஹாஷ்-ஹெச்மேக் ஃபங்ஷன்ல ஷா-256 (ஹாஷ் கணக்கிடுற முறை) போட்டு கையெழுத்தா லிங்க்ல ஒட்டிடுங்க, ஸ்கிரிப்ட்ல அதையே திரும்பக் கணக்குப் போட்டு ஹாஷ்-ஈக்வல்ஸ் ஃபங்ஷன்ல ஒப்பிடணும், டைமை யாராவது மாத்துனா கையெழுத்து ஒத்துப் போகாது. எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், டேட்டாபேஸ்ல டோக்கனே சேவ் பண்ண வேணாம் பாருங்க.

பெரிய ஃபைல் பத்தி கேட்டா ஃபைல்-கெட்-கண்டென்ட்ஸ் முழுசையும் மெமரில ஏத்தும், மெமரி லிமிட் வழக்கமா 128 எம்பி, ரீட்ஃபைல் துண்டு துண்டா அனுப்பும்னு சொன்னா போதும். பாதில நின்னதை ரெஸ்யூம் பண்ண, எந்தப் பகுதி வேணும்னு கேக்குற ரேஞ்ச் ஹெடரும், பகுதி மட்டும் அனுப்புறேன்னு சொல்ற 206 ஸ்டேட்டஸும் வேணும். எக்ஸாம்ல முதல்ல ஒரு சின்ன பிடிஎஃப் ஒழுங்கா இறங்கட்டும், பெர்மிஷன் செக்கை அடுத்து சேருங்க, கையெழுத்து லிங்க் நேரம் இருந்தா மட்டும்.