கொள்ளுத்தாத்தா எந்த முன்சீப்?

எங்கள் கொள்ளுத்தாத்தா முன்சீப்பாக இருந்தவர் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தேன். முன்சீப் என்றால் நீதிபதிதானே, அதனால் வம்சாவளி எழுத உட்கார்ந்ததும் நீதிமன்றம் சம்பந்தமான பழைய பட்டியல்களைத்தான் முதலில் புரட்டினேன். பல வாரம் தேடியும் அவர் பெயர் எங்கும் இல்லை.

கடைசியில் பெரியப்பா வீட்டுப் பரணில், தகரப் பெட்டிக்குள் இருந்த ஒரு கிரயப் பத்திரம் வழிகாட்டியது. மடிப்பெல்லாம் கிழிந்து, மை பழுப்பேறிப் போயிருந்தது. அந்தக் காலப் பத்திரங்களில் தகப்பனார் பெயர், ஊர், அப்புறம் 'பயிர்த்தொழில் ஜீவனம்', 'வியாபாரம் ஜீவனம்' என்று பிழைப்பையும் சேர்த்து எழுதுவார்கள். இவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது 'கிராம முன்சீப்'. மாவட்ட முன்சீப்தான் கோர்ட்டில் உட்காரும் நீதிபதி; கிராம முன்சீப் ஊர் மணியக்காரர், தீர்வை வசூலிப்பவர். ஆனால் வீட்டில் சொன்னதும் முழுப் பொய்யில்லை, ஏனென்றால் 1816-ல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டம் சின்னச் சின்னப் பண வழக்குகளை ஊரிலேயே விசாரிக்கும் அதிகாரத்தை இவர்களுக்குக் கொடுத்திருந்தது.

அதே பத்திரத்தில் சாட்சி போட்டவர் பெயரோடு 'கணக்குப்பிள்ளை' என்று இருந்ததை நான் சாதிப் பெயராகக் குறித்து வைத்திருந்தேன். அது தப்பு. ஊரில் என்றால் அவர் நிலக்கணக்கு எழுதும் கர்ணம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் என்றால் வேலையை மேற்பார்க்கிறவர். கங்காணியும் அப்படித்தான், பொதுவாகக் கண்காணிப்பவர் என்றுதான் அர்த்தம், ஆனால் இலங்கை, மலாயா தோட்டக் காகிதங்களில் வந்தால் சொந்த ஊருக்கே திரும்பி வந்து ஆள் சேர்த்துக் கொண்டுபோய் வேலை வாங்கியவர். அதனால் இப்போதெல்லாம் காகிதம் எங்கே, எந்த வருஷம் எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டுத்தான் அகராதியைத் திறக்கிறேன். சிரஸ்தார் (கோர்ட், கலெக்டர் அலுவலகத் தலைமை எழுத்தர்), அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்களுக்கு 1855-ல் வெளிவந்த வில்சனின் வருவாய், நீதித்துறைச் சொற்களஞ்சியம் ரொம்பவே உதவியது.

இன்னொன்று முக்கியம். கர்ணம், மணியம் வேலைகள் பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தவை (1980-ல் தமிழ்நாடு அரசு அவற்றை ஒழித்து, பிறகு கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தது). ஒரு தலைமுறையில் அந்தப் பட்டம் கிடைத்தால், அதே ஊரின் இன்னும் பழைய பத்திரங்களில் முந்தின தலைமுறையைத் தேடலாம். நான் அப்படித்தான் தேடினேன், இரண்டாவது பத்திரத்திலேயே கொள்ளுத்தாத்தாவுடைய அப்பாவின் கையெழுத்து கிடைத்தது.